நம் வீட்டு ராத்திரி செபம் வந்த வழி



செபமாலை மாதம் பிறந்த அன்று என்னிடம் நாலாம் வகுப்பு படித்த ஒரு பையன் போனில் பேசினான். பையன் என்ன பையன், இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். "டீச்சர், சின்ன வயசுல ராத்திரி ஆனா முட்டுப்போட வச்சு செபம் சொல்ல வச்சாங்க. பாதி வார்த்தைக்கு அர்த்தமே தெரியாது. கிளிப்பிள்ளை மாதிரிச் சொன்னதுல என்ன பிரயோசனம்? என் பிள்ளைங்களுக்கு நான் எதுக்குச் சொல்லிக் குடுக்கணும்?" என்று கேட்டான். கேள்வி நியாயமானது. போனில் சொல்லி முடியாது, எழுதுகிறேன் என்றேன். இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். இது நம் ஊர் சரித்திரமும்தான், பொறுமையாகப் படியுங்கள். பரீட்சை வைக்கமாட்டேன்.

நம் முத்துக்குளித்துறைக் கரையில் 1535 முதல் 1537 வரை ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது. முத்துக்குளிக்கும் உரிமைக்காகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். போர்த்துக்கீசியரின் பாதுகாப்பும் இந்த மனமாற்றத்தில் சேர்ந்திருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஞானஸ்நானம் கொடுத்த குருக்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. 1542 அக்டோபரில் சவேரியார் இந்தக் கரைக்கு வந்து விசாரித்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

அவருக்கோ தமிழ் தெரியாது. போர்த்துக்கீசும் தமிழும் ஓரளவு தெரிந்த சிலரைக் கூட்டி உட்காரவைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கற்பனைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை எல்லாவற்றையும் தமிழாக்கினார். பிறகு அவரே அதை மனப்பாடம் செய்தார். கையில் மணியடித்துக்கொண்டு தெருவில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தினம் இரண்டு வேளை சொல்லிக் கொடுத்தார். ஆக, இந்தக் கரையில் முதலில் கிளிப்பிள்ளையாய் இருந்தவர் சவேரியார்தான்! அர்த்தம் முழுதும் புரியாத ஒரு பாஷையை உருப்போட்டு மற்றவர்களுக்குச் சொன்னவர் அவர்.

1544 சனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பிள்ளைகள் தாங்கள் படித்ததை வீட்டில் தாய் தகப்பனுக்கும் வேலையாட்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பது அவர் ஏற்பாடு. யாருக்காவது நோய் என்று ஆள் வந்தால், எல்லா இடத்துக்கும் தான் போக முடியாததால், செபம் தெரிந்த பிள்ளைகளை அனுப்பிவைத்தார். அவர்கள் படுக்கையைச் சுற்றி வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு செபம் சொன்னார்கள். முப்பத்தைந்து வருஷம் வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், இது சாதாரணக் காரியமில்லை. பிள்ளை வாத்தியார், பெற்றோர் மாணவர்!

அந்தத் தமிழாக்கத்தில் ஒரு பிழையும் இருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் விழுந்திருந்தது. மக்கள் கைகளை மார்பில் சிலுவையாகக் கட்டிக்கொண்டு, கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதில் கடவுள் எனக்கு வேணும் என்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இது தெரிந்ததும் சவேரியார், கூட வேலை செய்த மான்சிலாஸ் என்பவருக்கு 1544இல் எழுதி, அந்தச் சொல்லை மாற்றச் சொன்னார். கிறிஸ்து பாடுபட்டதைச் சொல்லும் இடத்தில், பலவந்தத்தால் பாடுபட்டார் என்று பொருள்படும் ஒரு சொல்லும் இருந்தது. அவர் மனமுவந்து பாடுபட்டவர் அல்லவா, அதையும் எடுக்கச் சொன்னார். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

அவர் ஒரு இடத்தில் தங்குகிறவர் இல்லை. அதனால் ஊருக்கு ஊர், செபம் தெரிந்த ஒருவரை நியமித்தார். அவர்களைக் கணக்கப்பிள்ளை என்றார்கள், பிற்காலத்து உபதேசியாருக்கு முன்னோடி. ஞானஸ்நானம், திருமணம் முதலியவற்றுக்கு முன் நின்றதும், பிள்ளைகளைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுத்ததும் அவர்கள்தான். அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? போர்த்துக்கல் ராணி கத்தரீனாளின் பாதரட்சைச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து வருஷந்தோறும் போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தைச் சவேரியார் இதற்குக் கேட்டு வாங்கினார். ராணியின் செருப்புக் காசு வாத்தியார் சம்பளமானது! பஞ்சப்படிக்குக் காத்திருக்கும் என் சகாக்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள்.

சவேரியாருக்குப் பின் 1547 வாக்கில் வந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற சேசுசபைக் குரு 1600இல் சாகும்வரை இந்தக் கரையைவிட்டுப் போகவில்லை. தமிழை இலக்கணத்தோடு கற்றார். அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. மொத்தம் பதினாறு பக்கம். தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் புத்தகம் ஒரு செபப் புத்தகம் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்', குருவும் மாணவனும் கேள்வி கேட்டுப் பதில் சொல்கிற முறையில். 1580இல் பாவசங்கீர்த்தனம் செய்ய மனத்தைத் தயார்செய்யும் புத்தகம் ஒன்று. அதன்பிறகுதான், 1586இல், அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரம். அந்த மூன்றாவது புத்தகத்தைக் கவனியுங்கள். செபம் அச்சான இரண்டு வருஷத்துக்குள், நீ இன்றைக்கு என்ன செய்தாய் என்று கேட்கிற புத்தகமும் தமிழில் வந்துவிட்டது. நம் வீட்டு ராத்திரி செபத்தில் இந்த இரண்டும் ஒன்றாக இருந்தன. அதற்கு வருகிறேன்.

அதற்குமுன், குருக்களே இல்லாத காலங்களைப் பார்த்துவிடலாம். 1658இல் யாழ்ப்பாணத்தை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை போட்டு, குருக்களை வெளியேற்றினார்கள். அதற்கு 29 வருஷம் கழித்து, 1687இல், கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் என்ற குரு நம் தூத்துக்குடியிலிருந்து தோணியேறி அங்கே போனார். குரு என்று தெரிந்தால் பிடிபடுவார் என்பதால் பிச்சைக்காரர் வேஷம். கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்த மாலையைப் பார்த்து யார் முகம் மாறுகிறது என்று கவனித்துத்தான் கத்தோலிக்க வீடுகளைக் கண்டுபிடித்தார். ஒரு தலைமுறைக் காலம் பூசை இல்லை, கோயில் மணி இல்லை. ஆனாலும் அந்த மாலை என்னவென்று வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவரைத்தான் 2015 சனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக அறிவித்தார்.

நம் பக்கமும் இதே கதை நடந்தது. போர்த்துக்கல் அரசு 1759இல் சேசுசபையாரை விரட்டியது, 1773இல் அந்தச் சபையே கலைக்கப்பட்டது. திரும்ப அவர்கள் மதுரை மிஷனுக்கு வந்தது 1838இல். இடையில் கோவாக் குருக்களும் புதுச்சேரிக் குருக்களும் இருந்தார்கள்தான், ஆனால் இவ்வளவு பெரிய நிலப்பரப்புக்கு எத்தனை பேர் போதும்? பல ஊர்களில் குருவின் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைச் சேர்த்ததும், சாகக் கிடப்பவர் காதில் மனஸ்தாப மந்திரம் சொன்னதும் உபதேசியார்தான். வீட்டுக்குள் அந்த வேலையைச் செய்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத நம் ஆச்சிமார்கள். புத்தகமும் குருவும் இல்லாத இடத்தில் மனப்பாடம் ஒன்றுதான் மிஞ்சும். கிளிப்பிள்ளைப் பாடம் என்று நாம் இளக்காரமாகச் சொல்வது அந்த நாட்களில் தோணிக்கு நங்கூரம் மாதிரி.

சரி, மனப்பாடம் மட்டும்தானா? இல்லை. எங்கள் ஆச்சி வீட்டில் சாயங்கால மணி அடித்ததும் திரிகால செபம், விளக்கேற்றியபின் செபமாலை, பிரார்த்தனை. படுக்கப்போகுமுன் ஒரு ஐந்து நிமிஷம் யாரும் பேசக்கூடாது. அதற்குப் பெயர் ஆத்தும சோதனை. சவேரியாரின் தோழர் இஞ்ஞாசியார் தன் சபையாருக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் இது, அந்தச் சபைக் குருக்கள் வழியாகக் கரைக்கு வந்து, எப்படியோ அடுப்படிவரை வந்துவிட்டது. பழைய ஞானோபதேசத்தில் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று படித்தோம்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்யமாட்டேன் என்ற பிரதிக்கினை, குருவிடம் சொல்வது, அபராதம் தீர்ப்பது. குருவிடம் சொல்வது நாலாவதுதான். முதல் மூன்றும் வீட்டில், இருட்டில், தனியாகச் செய்யவேண்டியவை.

ஐந்தாவதில்தான் ஆச்சி கண்டிப்பு. களவு செய்ததைத் திருப்பிக் கொடுக்காமல் பாவம் தீராது என்பது திருச்சபையின் போதனை. ஆச்சி அதை அரிசிப் படியில் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டில் ஒரு உழக்கு அரிசி கைமாற்று வாங்கினால், "தலைதட்டி வாங்கினா கும்பாச்சியாக் குடுக்கணும்" என்பாள். ஒருமுறை கருப்பட்டிக் கடையில் மீதிச் சில்லறை கூட வந்துவிட்டது என்று ராத்திரி செபத்தில் ஞாபகம் வர, விடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்தாள். கடைக்காரருக்கே தெரியாத கணக்கு அது. (களவு செய்யாதே என்பது எங்களுக்கு ஏழாம் கற்பனை. வகுப்பில் சி.எஸ்.ஐ. பிள்ளைகள் எட்டாவது என்று சண்டைக்கு வருவார்கள். எண்ணும் முறைதான் வேறு, கற்பனை ஒன்றுதான்.)

பணத்துக்கு மட்டும் இல்லை இது. பிறர் பெயரைக் கெடுத்தாலும், கெடுத்த பெயரைச் சரிசெய்யக் கடமை உண்டு என்று அதே போதனை சொல்கிறது. நம் உறவினர் குழுவில் போன மாதம் ஒரு பெண்ணைப் பற்றி வந்த ஃபார்வர்டை எத்தனை பேர் தள்ளிவிட்டீர்கள்? பொய் என்று தெரிந்தபின் எத்தனை பேர் அதே ஆட்களுக்கு அதைச் சொன்னீர்கள்? கோபப்படாதீர்கள். ஆச்சி இருந்தால் ராத்திரி இதைத்தான் கேட்டிருப்பாள்.

ஆனால் ஆச்சியின் கேள்விப் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்லவேண்டும். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். 1872இல் கட்டப்பட்ட அந்தக் கோயில் கால்சட்டை மாதிரி இரண்டு கிளையாக இருந்தது. ஒரு சாதிக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு மறுபக்கம், பீடம் மட்டும் பொது. நடுவில் இருந்த தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றம்வரை வழக்கு நடத்தினார்கள். அந்த இரண்டு பக்கத்திலும் முட்டுப்போட்டவர்கள் ஒரே செபமாலையைச் சொன்னார்கள், பத்துக் கற்பனையும் எல்லோருக்கும் மனப்பாடம். உழக்கு அரிசிக்கு உறுத்திய மனசாட்சி இதற்கு உறுத்தவில்லை. பட்டியலில் எழுதப்படாத கேள்வியை யாரும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை. மனப்பாடத்தின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. என் மாணவன் கேட்ட கேள்விக்கு அந்த அளவில் நான் தலையாட்டுகிறேன்.

சொற்களுக்காக வருத்தப்படும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வழிபாட்டில் மக்கள் மொழிக்கு வழிவிட்டது. நான் சிறுமியாக இருந்தபோது லத்தீன் பூசை தமிழானது. பிறகு ஒவ்வொன்றாக, சர்வேசுரன் இறைவனானார், இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியானார், பாவசங்கீர்த்தனம் ஒப்புரவானது. 1995இல் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வந்தபோது, "எல்லாத்தையும் மாத்திட்டாங்க" என்று என் அத்தை கண்கலங்கினார். எனக்கும் அந்தப் பழைய சொற்களின் ஓசை பிடிக்கும். ஆனால் 'வேணும்' என்ற சொல்லை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதியவர் சவேரியார். இந்தக் கரையில் செபம் தொடங்கி இரண்டு வருஷத்துக்குள்ளேயே திருத்தமும் தொடங்கிவிட்டது. சொல் மாறியதில் நாம் எதையும் இழந்ததாக நான் நினைக்கவில்லை. செபமாலையை டிவியில் போட்டுவிட்டு, படுக்குமுன் இருந்த அந்த ஐந்து நிமிஷத்தை விட்டுவிட்டோமே, அதுதான் எனக்குக் குறை.

அதனால் தம்பி, உன் பிள்ளைகளுக்குச் செபத்தைச் சொல்லிக்கொடு, அர்த்தத்தோடு சொல்லிக்கொடு. முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, இன்றைக்கு யாருக்காவது எதையாவது திருப்பிக் கொடுக்கவேண்டியிருக்கிறதா என்று கேள். முதலில் நீ பதில் சொல். வகுப்பில் யாரோடு உட்கார மாட்டேன் என்றாய் என்பதையும் சேர்த்துக் கேள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் எண்பது தாண்டிய பெரியவர்கள் இருந்தால், அவர்கள் சின்ன வயதில் சொன்ன செபங்களை, அதே பழைய சொற்களோடு, செல்போனில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். ஊர் பெயரையும் சொல்லச் சொல்லுங்கள். ஊருக்கு ஊர் சொல் மாறும். ஆத்தும சோதனைக்கு அவர்கள் வீட்டில் என்னென்ன கேட்டார்கள் என்பதையும் மறக்காமல் கேட்டுவிடுங்கள்.