வரைகருவியும் துணைநிரலும்: ஒரு வரலாற்று நோக்கு

கருவியொன்றை ஆக்கியோன் அதன் பயன் முழுவதையும் முன்னறிதல் அரிது. கணனிவழி வரைதலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1963 இல் ஐவன் சதர்லாந்து மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்துக்குச் சமர்ப்பித்த ஆய்வேட்டின்வழி 'ஸ்கெச்பாட்' என்னும் வரைதற் செய்நிரல் அறிமுகமாயிற்று. 1982 இல் ஜோன் வோக்கரும் அவர்தம் தோழரும் தோற்றுவித்த ஓட்டோடெஸ்க் நிறுவனம், அவ்வாண்டின் இறுதியில் ஓட்டோகாட்டை வெளியிட்டது. தனியாட் கணனிகளில் வரைதல் பரவலடைய அது பெரிதும் துணைபுரிந்தது.

கட்டடக் கலைஞரின் தேவை வேறு. நில அளவையாளரின் தேவை வேறு. அனைத்தையும் ஒரே செய்நிரலுள் அடக்குதல் இயலாது. 1986 இல் இடம்பெற்ற ஓட்டோலிஸ்ப் மொழி இச்சிக்கலுக்கு விடையாயிற்று. பயன்படுத்துவோரே தமக்கு வேண்டிய கட்டளைகளை எழுதலாயினர். அவற்றைப் பிறர்க்கு வழங்குதலும் எளிதாயிருந்தது. நிரல் என்பது வெறும் எழுத்துக்கோப்பே. அதனை வட்டிற் படியெடுத்துக் கொடுத்தாற் போதும். குறித்த பெயருடைய கோப்பொன்று உரிய கோப்புறையிற் காணப்படின், செய்நிரல் அதனைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும்.

தொண்ணூறுகளில் சி++ மொழியிலான துணைநிரல்கள் தோன்றியபோது நிலைமை மாறிற்று. அவை ஆற்றல் மிக்கவை. ஆயினும் ஒரு பதிப்புக்கென ஆக்கப்பட்டது பின்வந்த பதிப்பில் இயங்காது போவதுண்டு. கோப்புக்களை நிறுவுதலோடு, இயக்குதளத்தின் பதிவேட்டிலும் குறிப்புக்களை இடவேண்டியிருந்தது. எழுதுதலினும் வழங்குதலே கடினமாயிற்று எனின் மிகையாகாது.

2011 இல் வெளிவந்த ஓட்டோகாட் 2012 இச்சுமையைக் குறைத்தது. 'பண்டில்' என முடியும் பெயருடைய கோப்புறையொன்று. அதனுள் துணைநிரலும், எக்கூறு எப்பதிப்புக்குரியது எனக் கூறும் எக்ஸ்எம்எல் விபரக்கோப்பும். அக்கோப்புறையை உரிய இடத்தில் வைத்தலே நிறுவுதலாயிற்று.

எனினும், தானாக ஏற்றும் வசதிக்கு மறுபக்கமும் உண்டு. 2012 இல் இனங்காணப்பட்ட 'மெட்ரே' என்னும் தீநிரல் ஓட்டோலிஸ்பிலேயே எழுதப்பட்டிருந்தது. வரைபடங்கள் உள்ள கோப்புறைகளில் அது தன்னைப் படியெடுத்து வைத்தது. திறக்கப்பட்ட வரைபடங்களை மின்னஞ்சல்வழி வெளியே அனுப்பியது. பெருவில் இதன் பாதிப்பு மிகுதியாயிருந்தது. மறு ஆண்டில் வெளிவந்த ஓட்டோகாட் 2014, நம்பகமானவை எனக் குறிக்கப்பட்ட இடங்களுக்கு வெளியேயுள்ள நிரல்களை ஏற்றுமுன் பயனரை எச்சரிக்கும் ஏற்பாட்டினைக் கொண்டிருந்தது.

ஆக, துணைநிரல்களைப் பொதிசெய்து வழங்கிய வரலாறு வெறும் வசதியின் வரலாறன்று. கருவியைத் திறந்துவைத்தமையால் பயனர் படைப்பாளராயினர்; அதே வாயிலாற் கள்வரும் நுழைந்தனர். வாயிலை அடைத்துவிடாது காவலிட்டமையே இவ்வரலாறு தரும் பாடமெனலாம்.