தொண்டூருக்கு எட்டாத ஒளி

செஞ்சிக்கு அருகே தொண்டூர் மலையில் கற்படுக்கை வெட்டித் தங்கிய சமணத் துறவிகள் பார்த்த வானத்தைத்தான் நாமும் பார்க்கிறோம். அதில் எக்ஸ் கதிருக்கு இடமில்லை. காற்றுமண்டலம் உயரத்திலேயே விழுங்கிவிடுகிறது. புற ஊதாவின் பெரும்பகுதியை ஓசோன் தடுத்துவிடும். 1962 ஜூனில் அமெரிக்க ராக்கெட் ஒன்று சில நிமிடங்கள் மேலே போய்த்தான் விருச்சிகத்தில் எக்ஸ் கதிர் மூலம் ஒன்றைக் கண்டது. 1970 டிசம்பரில் உஹுரு, 1972இல் கோப்பர்நிகஸ் என்று செயற்கைக்கோள்கள் தொடர்ந்தன.

1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் மண்ணிலிருந்து கிளம்பிய நம் ஆரியபட்டாவும் இந்த வரிசையில் வரும். 360 கிலோ எடை. உள்ளே எக்ஸ் கதிர் வானியல் கருவி. மின்வழங்கல் கோளாறால் சில நாளிலேயே ஆய்வுகள் நின்றுபோயின. பிறகு அது இரண்டு ரூபாய் நோட்டின் பின்புறத்தில் படமாக ஊரெல்லாம் சுற்றியது. அது சுமந்துபோன கருவியைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை.

நாற்பது ஆண்டு கழித்து, 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் 650 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனது. ஒரே விண்மீனை எக்ஸ் கதிரிலும் புற ஊதாவிலும் ஒரே நேரத்தில் பார்ப்பதே அதன் தனிச்சிறப்பு. நொடிக்கு நொடி மாறும் மூலங்களை இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாகப் பார்த்தால் கணக்கு ஒட்டாது.

அதன் புற ஊதாத் தொலைநோக்கியை உருவாக்கும் பணியை முன்னின்று நடத்தியது இந்திய வான் இயற்பியல் நிறுவனம். செஞ்சிக்கு வடமேற்கே காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள்தான். ஆஸ்ட்ரோசாட்டில் போனது 38 செ.மீ. விட்டமுள்ள இரட்டைத் தொலைநோக்கி. மேலே போனதும் அதன் கதவைத் திறக்கவில்லை. புதுச் செயற்கைக்கோளின் பாகங்களிலிருந்து கசியும் ஆவி ஆடியில் மெல்லிய படலமாகப் படிந்தால்கூடப் புற ஊதா ஒளி அங்கேயே மங்கிவிடும். இரண்டு மாதம் பொறுத்து, நவம்பர் 30 அன்று திறந்தார்கள். அப்புறமும் கவனம் வேண்டும்: ஒளித்துகளை ஒவ்வொன்றாக எண்ணும் உணரிக்குப் பிரகாசமான விண்மீன் எமன்.

முதலில் பார்த்தது துருவ நட்சத்திரத்துக்கு அருகிலுள்ள என்.ஜி.சி. 188 என்னும் முதிய விண்மீன் கொத்து. அதில் வயதுக்குப் பொருந்தாமல் இளமையாகத் தெரியும் நீல விண்மீன் ஒன்று உண்டு. அதன் பக்கத்தில் சுமார் 17,000 கெல்வின் வெப்பமுள்ள துணை விண்மீன் இருப்பதைப் புற ஊதா காட்டிக்கொடுத்தது. வானியலாளர் அன்னபூரணி சுப்பிரமணியம் குழுவினர் 2016இல் வெளியிட்ட முடிவு இது. அந்தத் துணை தன் பொருளை அண்மையில்தான் நீல விண்மீனுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்கிறார்கள்.