ஆக்ஸலாட்டில் குஞ்சும் தூத்துக்குடி உப்பளமும்

எங்க வீட்டு வாண்டுக்கு கப்பி மீன் தொட்டி போதவில்லை. மைன்கிராஃப்ட் விளையாட்டில் பார்த்த ஆக்ஸலாட்டில்தான் வேணுமாம். அதையும் குஞ்சாக வாங்கி, தானே வளர்க்கப் போகிறானாம். தங்கமணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சரி, குஞ்சுக்கு வேளாவேளைக்கு யாரு சாப்பாடு போடறது?"

பதில் தேடிப் படிக்க உட்கார்ந்தேன். படித்து முடித்தபோது ஒன்று புரிந்தது. இந்தப் பிராணியின் 160 வருஷ சரித்திரமே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

ஆக்ஸலாட்டில் மீன் இல்லை, தவளை வகையறாவுக்கு உறவான சாலமாண்டர். மற்ற சாலமாண்டர்கள் பலவும் வளர்ந்ததும் செவுள் உதிர்ந்து கரையேறிவிடும். இது ஏறாது. கழுத்தோரம் இறகு மாதிரி விரியும் செவுளோடு, சிறு பிள்ளை உருவத்திலேயே வயசுக்கு வந்து, தண்ணீரிலேயே முட்டை போட்டுக் கிடக்கும். கால் போனால் மறுபடி முளைக்கும். சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் தெற்கே உள்ள சோச்சிமில்கோ. அஸ்டெக் மக்கள் அங்கே ஏரிக்குள் மண் நிரப்பி சினாம்பா என்ற பாத்திகளைக் கட்டி விவசாயம் செய்தார்கள். பாத்திகளுக்கு நடுவே ஓடும் வாய்க்கால்கள்தான் இதன் வீடு.

1860-களில் பிரெஞ்சுப் படை மெக்சிகோவுக்குள் புகுந்தது. அப்போது 34 ஆக்ஸலாட்டில்கள் உயிரோடு கப்பலேறி 1864-ல் பாரிஸ் வந்தன. அதில் ஆறு, இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த அகுஸ்த் துமெரில் கைக்கு வந்தன. ஐந்து ஆண், ஒரே ஒரு பெண். 1865 ஜனவரியில் அந்தப் பெண் முட்டையிட்டது. பொரித்த குஞ்சுகளில் சில அந்த வருஷமே செவுளை உதிர்த்து, தாய் தகப்பன் சாயலே இல்லாத கரைவாழ் சாலமாண்டராக மாறி துமெரிலைத் திகைக்க வைத்தன. அடுத்த சில வருஷங்களில் அவர் குஞ்சுகளைப் பெருக்கி, ஐரோப்பா முழுக்கக் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

இன்று உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்த ஆறின் வம்சம். அந்த ஆறில் ஒரு ஆண் வெள்ளை. பையன் ஆசைப்படும் ரோஸ் நிறத்தின் மூலம் அதுதான்!

இப்போது தங்கமணியின் கேள்வி. ஒரே ஈட்டில் பல நூறு முட்டைகள் வரும். இரண்டு மூன்று வாரத்தில் பொரியும். ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும் குஞ்சுக்கு அப்போது கால் கிடையாது. இரண்டு மூன்று நாள் வயிற்றில் இருக்கும் கருவே சாப்பாடு. அதன் பிறகு கண்ணெதிரே அசைவதை மட்டும்தான் கவ்வும். கடையில் விற்கும் உருண்டைத் தீவனத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தினமும் உயிருள்ள இரை வேண்டும். தப்பினால் பக்கத்தில் இருக்கும் தம்பியின் காலைக் கடித்துவிடும். கால் முளைத்துவிடும், சரி, ஆனால் அது வளர்ப்பவரின் பெருமை இல்லையே :-)

ஆரம்ப நாட்களில் வளர்த்தவர்கள் குளத்துத் தெள்ளுப்பூச்சிகளை நம்பினார்கள். 1930-களில் மீன் குஞ்சுகளுக்கு ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ப் பூச்சி நல்ல இரை என்று தெரிய வந்தது. அதன் முட்டை காய்ந்த நிலையில் வருஷக்கணக்கில் தாங்கும். உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்று விட்டால் ஒன்றரை நாளுக்குள் ஆரஞ்சுப் புள்ளிகளாகப் பொரிந்து நீந்தும். வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்க வேண்டும். மிஞ்சியது சில மணி நேரத்தில் செத்துத் தண்ணீரைக் கெடுக்கும் என்பதால் தினமும் தண்ணீர் மாற்றும் வேலையும் உண்டு.

இதைப் படித்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் தூத்துக்குடி உப்பளங்களில் ஆர்ட்டீமியா உண்டு. அங்கே காலங்காலமாக இருக்கும் வகை பெண்கள் மட்டுமே, ஆண் துணையில்லாமலே பெருகும். சின்ன வயசில் அந்தப் பாத்தி வரப்புகளில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். காலடியில் இப்படி ஒரு சங்கதி நீந்துகிறது என்று புனேவுக்கு வந்து இத்தனை வருஷம் கழித்துத்தான் தெரிகிறது.

சோச்சிமில்கோவில் கதை தலைகீழ். மக்களின் உணவுக்காகவும் வருமானத்துக்காகவும் கெண்டையையும் திலேப்பியாவையும் அங்கே விட்டார்கள். அவை ஆக்ஸலாட்டில் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று தீர்த்தன. நகரத்துக் கழிவுநீரும் சேர்ந்துகொண்டது. 1998-ல் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6000 இருந்தவை 2014 கணக்கெடுப்பில் 36 ஆகிவிட்டன. மெக்சிகோ 2021-ல் வெளியிட்ட 50 பெசோ நோட்டில் ஆக்ஸலாட்டில் படம் இருக்கிறது. வாய்க்காலில்தான் தேட வேண்டியிருக்கிறது. வெளியூரில் குஞ்சுக்கு ஊட்டி வளர்த்தார்கள். சொந்த ஊரில் குஞ்சே இரையாகிவிட்டது.

முழுக்கச் சோகம் என்றும் சொல்ல முடியாது. மெக்சிகோவின் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விவசாயிகளோடு சேர்ந்து சினாம்பா வாய்க்கால்களில் வடிகட்டித் தடுப்புகள் வைத்து, பெரிய மீன் நுழையாத இடங்களை உண்டாக்கினார்கள். கூண்டில் வளர்ந்த 18 ஆக்ஸலாட்டில்களை அப்படிச் சீரமைத்த ஒரு வாய்க்காலிலும், மனிதர் உண்டாக்கிய ஒரு நீர்நிலையிலும் விட்டுக் கண்காணித்தார்கள். 2025-ல் முடிவு வெளியானது. கண்காணித்த நாட்களில் ஒன்றுகூடச் சாகவில்லை. மறுபடி பிடித்துப் பார்த்தவை எடை கூடியிருந்தன. கையால் ஊட்டி வளர்த்தவைதான், ஆனால் வேட்டையாட மறக்கவில்லை.

அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். ஏன் என்று வெளியூரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

பையனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 16 முதல் 18 டிகிரி குளிர்ந்த தண்ணீர் வேண்டும், புனே வெயிலுக்குத் தொட்டியைக் குளிரூட்டும் மெஷின் இல்லாமல் முடியாது, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் பிராணி என்பதெல்லாம் சேர்த்துத்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அந்த உப்புப் பூச்சியாவது வளர்ப்போமா?" என்றான்.

இப்போது பால்கனியில் ஒரு பாட்டிலில் ஆர்ட்டீமியா பொரிகிறது. கப்பி குஞ்சுகளுக்கு அவன்தான் தினமும் வடிகட்டிப் போடுகிறான். லீவுக்கு ஊருக்குப் போகும்போது முதல் வேலையாக உப்பளத்தைக் காட்ட வேண்டுமாம்.