ஷேடு, ஷெட், ஷேடர்

சிவகாசியில் ஆப்செட் ஓடும் எந்த அச்சகத்துக்குள் போய் நின்றாலும் கொஞ்ச நேரத்தில் காதில் விழுந்துவிடும் சொல் 'ஷேடு'. "மொகத்துல ஷேடு தூக்கலா இருக்கு, ரெட்ட எறக்கு" என்பார் ஒருவர். "மொத ஷீட்டுக்கும் இதுக்கும் ஷேடு மாறுது" என்பார் இன்னொருவர். ஊரைத் தாண்டிப் பட்டாசு ஆலைகள் பக்கம் போனால் அங்கே வேறு சொல்: 'ஷெட்'. மருந்து கலக்க ஒன்று, செலுத்த ஒன்று, திரி வைக்க ஒன்று என்று தனித்தனிச் சிறு அறைகள். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக்கூடாது என்று இடைவெளி விட்டுக் கட்டியவை.

ஷேடும் ஷெட்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பழைய ஆங்கிலத்தில் நிழலைக் குறித்த ஒரே பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்றபோது இரு வடிவம் கொண்டது. ஒன்று இன்றைய 'ஷேடு', மற்றொன்று 'ஷேடோ'. இருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'ஸ்கோடோஸ்' இவற்றுக்குத் தூரத்து உறவு. 15-ஆம் நூற்றாண்டில் ஒதுங்கி நிற்கும் கொட்டகைக்கு 'ஷெட்' என்ற பெயர் வருகிறது. அது 'ஷேடு' என்பதன் திரிபே என்று அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள். நிழல் தருவது ஷெட். வெயிலுக்குப் பேர்போன ஒரு வட்டாரத்தில், அச்சகத்தில் ஒன்றும் ஆலையில் ஒன்றுமாக இரண்டும் வந்து தங்கியிருக்கின்றன.

தமிழுக்கு வந்த ஷேடு ஒரு பொருளைக் கைவிட்டுவிட்டுத்தான் வந்தது. மரத்து ஷேடு என்று நாம் யாரும் சொல்வதில்லை. அதற்கு நிழல் இருக்கிறது. ஜவுளிக்கடையிலும் அச்சகத்திலும் ஷேடு என்றால் நிறத்தின் ஏற்ற இறக்கம் மட்டுமே.

இந்தக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை 'ஷேடர்'. கைப்பேசி விளையாட்டில் தண்ணீர் மின்னுவதும், திரையில் ஒரு பந்து உருண்டையாகத் தெரிவதும் அதன் வேலை. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று கணக்கிடும் சின்ன நிரல் அது. ஒளிக்கதிரும் பரப்பும் எந்தச் சாய்வில் சந்திக்கின்றனவோ அதைப் பொறுத்து வெளிச்சம் கூடும், குறையும். 1760-இல் லாம்பெர்ட் எழுதிவைத்த விதி இது. 1971-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்றி கூரோ கணினிப் பரப்புகளின் மேல் நிறத்தை வழவழப்பாகப் பரப்ப ஒரு முறை கண்டார். 1973-இல் அதே இடத்தில் வியட்நாமியரான புய் துவோங் போங் பளபளப்புக்கும் கணக்குச் சொன்னார். இரண்டு முறைகளுக்கும் 'ஷேடிங்' என்றே பெயர். பென்சில்காரர் கோடிழுத்து இருட்டடிக்கும் வேலையிலிருந்து எடுத்துக்கொண்ட பெயர் அது.

1984-இல் லூகாஸ்ஃபிலிமில் இருந்த ராப் குக் 'ஷேடு ட்ரீஸ்' என்றொரு கட்டுரை வெளியிட்டார். ஆங்கிலத்தில் அது 'நிழல் தரும் மரங்கள்' என்றும் படும், 'நிறக்கணக்கின் கிளைகள்' என்றும் படும். கணக்கைக் கிளைகிளையாகப் பிரித்து, எந்தக் கிளையில் எதைப் பொருத்துவது என்பதை வரைபவர் கையில் கொடுத்துவிடலாம் என்பது அதன் சாரம். அங்கிருந்துதான் ஷேடர் என்பது எழுதக்கூடிய ஒன்றாகிறது. 1988-இல் பிக்ஸார் வெளியிட்ட ரெண்டர்மேன் விதிமுறை அந்தப் பெயரை ஊரறியச் செய்தது. அதில் விளக்கைக் கணக்கிடும் நிரலுக்கும் ஷேடர் என்றே பெயர் வைத்தார்கள். நிழலிலிருந்து பிறந்த சொல் வெளிச்சம் கொடுக்கத் தொடங்கிய இடம் இதுதான்.

இங்கே தமிழ் வாசகர் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆங்கிலச் சொல் வெகுதூரம் நடந்து வந்து சேர்ந்த இடத்தில் நம்முடைய 'நிழல்' எப்போதோ உட்கார்ந்திருக்கிறது. சங்கப் பாடல்களுக்கு உரை எழுதியவர்கள் அணிகலனின் நிழல் என்று வரும் இடங்களில் 'ஒளி' என்றே பொருள் எழுதினார்கள். தண்ணீரில் தெரியும் உருவமும் நிழல்தான். மலையாளத்தில் நிழல், கன்னடத்தில் நெரளு, தெலுங்கில் நீட என்று இனமொழிகளிலும் இந்த வேர் உண்டு. ஒரே கேமரா எடுத்த படத்தை நாம் நிழற்படம் என்றும் சொல்கிறோம், ஒளிப்படம் என்றும் சொல்கிறோம், இரண்டும் தவறில்லை. எனக்கு இது வெறும் மொழிப்பெருமையாகப் படவில்லை. வெளிச்சம் எங்கே குறைகிறது என்று சொல்லாமல் வெளிச்சம் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஷேடர் செய்யும் கணக்கும் அதுவே. கோவில்பட்டியின் சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவர் மாணவர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சாகி வீடுவீடாகத் தொங்கிய காலண்டர் தெய்வங்களின் கன்னத்தைப் பாருங்கள். உருண்டை வந்தது நிழலால்தான்.

நான் ஷேடர் கற்கத் தொடங்கியபோது எழுதிப்பார்த்த முதல் உருப்படியான நிரல் காலண்டர் படத்தை அச்சுப்புள்ளிகளாக மாற்றுவது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அச்சில் இளஞ்சிவப்பு என்று ஒரு மையே கிடையாது; வெள்ளைத் தாளில் சின்னச் சின்ன மெஜந்தா புள்ளிகள்தான். புள்ளி பெருத்தால் ஷேடு ஏறும், சிறுத்தால் இறங்கும். நிரலில் இதற்கு நாலைந்து வரி போதும்: இடத்தைக் கட்டங்களாகப் பிரி, கட்டத்தின் நடுவிலிருந்து தூரம் பார், படத்தின் கருமைக்கேற்ற ஆரத்துக்குள் இருந்தால் மை, வெளியே என்றால் தாள். பிளேட் போடும் வேலையில் பல வருடம் இருந்த ஒருவரிடம் காட்டினேன். பார்த்ததுமே, "நாலு கலருக்கும் ஒரே ஆங்கிளா தம்பி?" என்றார். ஆமாம், ஒன்றின்மேல் ஒன்று விழுந்து நிறம் செத்திருந்தது. சயான் 15 டிகிரி, கறுப்பு 45, மெஜந்தா 75. ஒன்றுக்கொன்று 30 டிகிரி விலகி நின்றால் வேண்டாத அலைக்கோலம் கண்ணில் படாது. மஞ்சள் கண்ணை உறுத்தாத நிறம், அதனால் 0-வில் நிறுத்தினால் போதும். கோணங்களைத் திருப்பியதும் படம் உயிர்பெற்றது.

பிறகு அதே நிரலை வேறு வரைகலைத் தளங்களுக்கு மாற்றும்போதுதான் பெயர்களின் பஞ்சாயத்து தொடங்கியது. ஓப்பன்ஜிஎல் மொழியில் 'ஃப்ராக்ட்' என்பது மைக்ரோசாஃப்ட்டின் டைரக்ட்எக்ஸ் மொழியில் 'ஃப்ராக்'. அங்கே 'மிக்ஸ்', இங்கே 'லெர்ப்'. அங்கே 'வெக்3', இங்கே 'ஃப்ளோட்3'. இவை வட்டார வழக்குகள் மாதிரி, இரண்டு நாளில் பழகிவிடும். திசை மாறுவது அப்படியல்ல. ஓப்பன்ஜிஎல் படத்தின் தொடக்கத்தைக் கீழ் இடது மூலையில் வைக்கிறது. டைரக்ட்எக்ஸும் ஆப்பிளின் மெட்டலும் மேல் இடது மூலையில். சொற்களை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டினேன், படம் தலைகீழாக நின்றது.

பெயர் வேறுபாட்டில் ஒன்று மட்டும் கருத்து வேறுபாடு. நிறத்தைக் கணக்கிடும் நிரலை டைரக்ட்எக்ஸ் 'பிக்சல் ஷேடர்' என்கிறது. ஓப்பன்ஜிஎல்லும் மெட்டலும் உலாவிகளுக்கு வந்திருக்கும் வெப்ஜிபியுவும் 'ஃப்ராக்மென்ட்' என்கின்றன, அதாவது துணுக்கு. பிக்சல், 1965-இல் ஃப்ரெட் பில்லிங்ஸ்லி எழுத்தில் முதலில் அச்சேறிய பெயர், 'படத்தின் கூறு' என்பதன் சுருக்கம். ஆனால் ஷேடர் கையில் வரும்போது அது இன்னும் படத்தின் கூறு ஆகவில்லை. முன்னால் வேறு பொருள் மறைத்தால் கழிக்கப்படலாம். ஒளி ஊடுருவும் பொருளானால் பின்னால் இருப்பதோடு கலக்கலாம். இரவில் புஸ்வாணம் வரைய வேண்டுமா, துணுக்குகளின் ஒளியைக் கூட்டிக்கொண்டே போனால் நடு வெளுத்து எரியும். காலண்டர் வரைய வேண்டுமா, மை ஒவ்வொன்றும் தாளின் வெளிச்சத்தில் கொஞ்சம் விழுங்கும்படி பெருக்க வேண்டும். இந்த இரண்டு கணக்கிலும் துணுக்கு முடிவல்ல, வரவு மட்டுமே. அதனால் 'துணுக்கு' என்பதே சரியான பெயர் என்பது என் கட்சி.

இதற்குள் ஷேடர் என்ற சொல் நிறத்தையும் விட்டு வெளியேறிவிட்டது. 2009-இல் டைரக்ட்எக்ஸ் 11-உடன் வந்த 'கம்ப்யூட் ஷேடர்' எதையும் தீட்டுவதில்லை. எண்களைக் கூட்டும், பெருக்கும், அவ்வளவுதான். இது பெயர்ப்பிழை என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. விருதுநகர்க்காரர் அப்படிச் சொல்லத் தேவையில்லை. 1923 வரை விருதுபட்டியாக இருந்த அந்த ஊரின் பெருவணிகம் எண்ணெய். எள்ளின் நெய்தான் எண்ணெய். ஆனால் கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என்று அந்தச் சொல் எள்ளை விட்டு நெடுந்தூரம் போய்விட்டது. எள்ளின் எண்ணெயைச் சுட்டவே 'நல்லெண்ணெய்' என்று முன்னால் ஒரு சொல் சேர்க்க வேண்டியதாயிற்று. ஷேடருக்கும் 'பிக்சல்', 'கம்ப்யூட்' என்று அடைமொழிகள் சேர்ந்தது இந்த வழியில்தான்.

பேச்சில் ஷேடர் இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நான் 'நிழற்றி' என்கிறேன். நிழற்று என்ற பழைய வினை நம்மிடம் இருக்கிறது. அதோடு ஓர் இகரம், 'உணர்த்தி', 'கடத்தி' போல. ஃப்ராக்மென்ட் ஷேடர், துணுக்கு நிழற்றி. முதல் வகுப்பில் ஆளுக்கொரு லென்ஸும் பழைய காலண்டர் தாளும் கொடுத்துவிட்டு, புள்ளிகள் எந்தச் சாய்வில் ஓடுகின்றன என்று எண்ணச் சொல்வேன்.