கணனிச் செயலியும் காற்றுக் குளிர்விப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

கணனியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு பொருள்களையே முதன்மைப்படுத்துவர். ஒன்று, சிலிக்கன் சில்லின் மீது திரான்சிஸ்ரர்கள் பெருகிய கதை. மற்றையது, செய்நிரல்கள் வளர்ந்த கதை. சில்லின் மீது அமர்ந்திருக்கும் உலோகச் செட்டைகளும் அவற்றின் மேற் சுழலும் விசிறியும் இவ்வரலாறுகளில் அடிக்குறிப்பாக இடம்பெறுவதும் அரிது. கணனி வாங்கச் செல்வோரும் அவற்றைக் கடைசியாகவே நினைக்கின்றனர். ஆயின், மேசைக் கணனியின் போக்கு 2004 ஆம் ஆண்டளவில் திடீரெனத் திசைமாறியமைக்குக் காரணந் தேடிச் செல்வோர் ஈற்றில் வந்து நிற்பது இவ்விசிறியின் முன்னிலையிலேயே என்பது எமது கருத்து. அதனை நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெப்பம் கணனிக்குப் புதிய பகையன்று. 1946 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகுக்கு அறிமுகமான எனியாக் என்னும் பொறி ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்டு, 150 கிலோவாற்று அளவான வலுவை நுகர்ந்தது. நுகர்ந்த வலு யாவும் வெப்பமாகவே வெளிவரும் ஆதலின், அதனை அகற்றுவதற்குப் பெரிய ஊதுவிசிறிகள் வேண்டப்பட்டன. ஆகவே காற்றினாற் குளிர்விக்கும் முறை இலத்திரன் கணனியோடு உடன்பிறந்தது எனலாம். பின்னர் பெருங்கணனிகள் காற்றைக் கைவிட்டன. ஐ.பி.எம். நிறுவனத்தின் 3081 (1980) நீரினாற் குளிர்விக்கப்பட்டது; கிரே-2 (1985) மின்கடத்தாத் திரவமொன்றினுள் அமிழ்த்தியே வைக்கப்பட்டது. இருமுனைவுத் திரான்சிஸ்ரர்களை விடுத்து, குறைந்த வலு நுகரும் சீமொஸ் சுற்றமைப்புக்கு மாறிய பின்னரே, 1994 அளவில் ஐ.பி.எம். பெருங்கணனிகள் மீண்டும் காற்றிடம் வந்து சேர்ந்தன. திரவம் ஆற்றல் மிக்கதெனினும் செலவும் பராமரிப்பும் கூடியது. மலிவான கணனி வேண்டுமெனின், அறையிலுள்ள காற்றே அதன் குளிர்விப்பானாக அமைதல் வேண்டும்.

மேசைக் கணனியின் தொடக்ககாலம் இத்தொல்லை அறியாத காலம். 1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். பீசீயில் 8088 செயலி வெறுமையாகவே இருந்தது. விசிறி மின்வழங்கிப் பெட்டியினுள் ஒன்றே. 66 மெகாஹேட்ஸ் வேகமுடைய 486 செயலிகள் 1992 இல் வந்தபோது, ஹீற் சிங் என வழங்கும் உலோகச் செட்டைத் தொகுதி அவற்றின் மேல் ஏறலாயிற்று. மறு ஆண்டில் 5 வோல்ற்றில் இயங்கி, உச்ச நிலையில் 16 வாற்று அளவில் வெப்பம் உமிழ்ந்த பென்ரியம் வந்தது. விசிறியும் நிலையான உறுப்பாயிற்று. இன்று நோக்கின் 16 வாற்று நகைப்புக்குரிய அளவே.

ஈண்டு பௌதிகவியல் சிறிது கூறுதல் வேண்டும். செயலியில் எழும் வெப்பம் கடத்தலினால் உலோகத்துக்கும், மேற்காவுகையினாற் காற்றுக்கும் செல்கின்றது. மின்னோட்டத்துக்குத் தடை இருப்பதுபோன்று இப்பாதைக்கும் ஒரு வெப்பத்தடை உண்டு. அது வாற்று ஒன்றுக்கு இத்தனை பாகை என அளக்கப்படும். 0.4 பாகைத் தடையுடைய பாதையொன்றில் 100 வாற்று செல்லுமாயின், செயலி தன்னிடம் வந்து சேரும் காற்றைவிட 40 பாகை கூடிய சூட்டில் இருக்கும். காற்று 22 பாகையாயின் செயலி 62 பாகை. எமது நாட்டு அறையொன்றின் 32 பாகையாயின் 72 பாகை. எத்துணை விலையுயர்ந்த விசிறியாயினும் செயலியை அறைக்காற்றிலும் குளிர்ந்த நிலைக்குக் கொண்டுசெல்ல இயலாது.

இப்பாதையில் மிக இடுக்கமான இடம் எதுவெனின், செயலியும் உலோகமும் தொடும் இடமே. கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் இரு பரப்புகள் உண்மையிற் சில மேடுகளில் மட்டுமே தொடுகின்றன. எஞ்சிய பள்ளங்களிற் காற்று நிற்கும். செம்பின் வெப்பக் கடத்தாறு ஏறத்தாழ 400 ஆக, நிலையான காற்றினது 0.026 மாத்திரமே. வெப்பத்தைச் சுமந்து செல்லும் அதே காற்று, அசையாது நிற்குமிடத்துச் சிறந்த காவலியாகிவிடுகின்றது. வெப்பப் பசை பூசுவது இப்பள்ளங்களை நிரப்புதற்கே. பசையின் கடத்தாறு செம்பினதில் நூற்றிலொரு பங்களவே ஆதலின், அதனைத் தாராளமாகத் தடித்துப் பூசுதல் பயனைக் குறைக்குமேயன்றிக் கூட்டாது. இதனை அறியாது ரொட்டிக்கு வெண்ணெய் பூசுமாப்போற் பூசுவோர் பலர்.

இனி வரலாற்றின் திருப்புமுனைக்கு வருவோம். 1974 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் றொபேட் டெனாட்டும் அவருடன் பணியாற்றியோரும் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினர். திரான்சிஸ்ரர் எவ்வளவுக்குச் சிறிதாக்கப்படுகின்றதோ அவ்வளவுக்கு வோல்ற்றளவையும் குறைத்துச் செல்லின், சதுர மில்லிமீற்றர் ஒன்றில் எழும் வெப்பம் மாறாதிருக்கும் என்பதே அது. வேகம் கூடும், எண்ணிக்கை கூடும், பரப்பொன்றின் சூடு மாத்திரம் கூடாது. இந்த வரத்தின் மீதே செயலித் தொழில் மூன்று தசாப்தங்கள் வாழ்ந்தது. 1993 இன் 5 வோல்ற்று மறு ஆண்டே 3.3 ஆகி, 2004 அளவில் 1.4 வோல்ற்றை அண்மியது. அதற்குக் கீழே இறங்க முற்பட்டபோது, மூடிய நிலையிலுள்ள திரான்சிஸ்ரரினூடாகவும் மின் கசியலாயிற்று. வோல்ற்றளவு அவ்விடத்திலேயே நின்றது. பின்வந்த இருபது ஆண்டுகளிலும் அது பெரிதும் இறங்கவில்லை என்பது நோக்கத்தக்கது.

ஆபத்தை முன்னுணர்ந்தோர் இல்லாமலில்லை. 2001 பெப்ரவரியில் சான்பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்த மாநாடொன்றில் இன்ரெல் நிறுவனத்தின் பற் கெல்சிங்கர், இப்போக்கே தொடருமாயின் சில்லின் வெப்ப அடர்த்தி அணு உலையினதையும், பின்னர் றொக்கற்றின் பீச்சுகுழல் முனையினதையும், ஈற்றிற் சூரியனின் மேற்பரப்பினதையும் எட்டும் என எச்சரித்தார். ஆயினும் அவரது நிறுவனமே அப்பாதையில் மேலும் மூன்றாண்டுகள் நடந்தது. 2000 ஆம் ஆண்டின் பென்ரியம் 4 ஐம்பது வாற்றுக்குச் சற்று மேற்பட்டது. 2004 இன் தொடக்கத்தில் வந்த பிறெஸ்கொற் என்னும் வடிவம் 100 வாற்றைத் தாண்டி, 3.8 கிகாஹேட்ஸ் வேகத்தில் 115 வாற்றை எட்டியது. பெட்டியின் பக்கத்திலே துளையிட்டுக் குழாய்வழி வெளிக்காற்றைச் செயலிக்குக் கொணருமாறும், அறை 35 பாகையாயினும் விசிறிக்கு வரும் காற்று 38 பாகையை மீறாதிருக்குமாறும் வழிகாட்டிகள் வகுக்கப்பட்டன. கணனிப் பெட்டியின் உள்ளமைப்பையே காற்றோட்டத்துக்கேற்ப மாற்றும் பீ.ரீ.எக்ஸ். என்னும் புதிய நியமமும் முன்வைக்கப்பட்டது. ஒரு சில்லைக் காப்பாற்ற உலகிலுள்ள பெட்டிகள் யாவற்றையும் மாற்ற முனைந்த இம்முயற்சி வெற்றி பெறவில்லை.

2004 மே மாதத்தில் பிறெஸ்கொற்றின் வாரிசாகத் திட்டமிடப்பட்ட தேஜாஸ் கைவிடப்பட்டது. ஒக்ரோபரில் 4 கிகாஹேட்ஸ் பென்ரியம் 4 உம் கைவிடப்பட்டது. வலு, வோல்ற்றளவின் வர்க்கத்தோடும் வேகத்தோடும் கூடுவது; வேகத்தைக் கூட்ட வோல்ற்றளவையும் கூட்டவேண்டியிருந்தமையால் வெப்பம் ஏறக்குறைய வேகத்தின் கனத்துக்கேற்ப ஏறியது. மாறாக, வேகத்தைச் சற்றே குறைத்தால் அதே வெப்பத்துக்குள் இரு கருக்களை வைக்கலாம். 2006 இல் வெளிவந்த கோர் 2 டுவோ அவ்வாறே இரு கருக்களோடு 65 வாற்றில் அமைந்தது. 4 கிகாஹேட்ஸ் அடிப்படை வேகமுடைய செயலியை இன்ரெல் விற்றது 2014 இலேயே. பல கருக்களுக்கேற்ப நிரல் எழுதவேண்டிய சுமை அன்றுதொட்டு நிரலாளர் தலைமீது விழுந்தது. கணினி விஞ்ஞான மாணவர் இன்று சமாந்தரச் செய்நிரலாக்கம் பயில்வதற்குப் பின்னணியில், மலிவான செட்டையும் மேசையருகே பொறுக்கத்தக்க இரைச்சலும் விதித்த எல்லை இருக்கின்றது. தொழினுட்பம் சிந்தனையாலேயே வழிநடத்தப்படுகின்றது எனக் கூறுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இதே காலத்திலேதான் காற்றுக் குளிர்விப்பும் முதிர்ச்சி பெற்றது. அதற்குக் கைகொடுத்த வெப்பக்குழாய் பழையது. ஜெனரல் மோட்டேர்ஸ் நிறுவனத்தின் கோக்ளர் 1940களிற் காப்புரிமை பெற்ற கருத்தினை, 1963 இல் லொஸ் அலமொசில் ஜோர்ஜ் குரோவர் மீளக் கண்டு விருத்தி செய்தார். மூடிய செம்புக் குழாயினுள் சிறிதளவு நீர். சூடான முனையில் அது ஆவியாகி மறைவெப்பத்தைச் சுமந்து சென்று, குளிர்ந்த முனையில் ஒடுங்கி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே மீளும். இதனாற் செட்டைகள் செயலியின் மேல் குந்தியிராது கோபுரம்போல் உயரலாயின. முன்னைய விசிறி பலகையை நோக்கிக் கீழே ஊதி, சூடான காற்றையே மீண்டும் உறிஞ்சும். கோபுரத்தின் விசிறியோ பெட்டியின் பின்வாயிலை நோக்கி ஊதும். கீழே ஊதும் முறை செயலியைச் சூழ்ந்த மின்னுறுப்புகளையும் குளிர்வித்தது என்பதையும் நேர்மையாகக் கூறல் வேண்டும். விசிறியும் 80 மில்லிமீற்றரிலிருந்து 120 ஆகப் பெருத்தது. வேகத்தை இரட்டித்தாற் காற்று இரட்டிக்கும், விசிறி நுகரும் வலுவோ எண்மடங்காகும், இரைச்சலும் மிகும். எனவே, பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றலே அறிவுடைமை.

அண்மைக்காலச் செயலிகள் இவ்வெல்லையை மீண்டும் சோதிக்கின்றன. 2022 இல் வந்த ரைசன் 9 7950எக்ஸ் 230 வாற்றுவரை நுகர்ந்து, 95 பாகையில் இயங்குமாறே வகுக்கப்பட்டது. அவ்வெப்பம் ஏறத்தாழ 70 சதுர மில்லிமீற்றர் பரப்புடைய இரு சில்லுகளிலேயே பெரிதும் எழுவதால், கோபுரத்தைப் பெருப்பிப்பதன் பயன் ஓரளவோடு நின்றுவிடுகின்றது. வலு வரம்பைக் குறைத்து வைப்பின், வேகத்திற் சிறிதே இழந்து வெப்பத்திற் பெரிதும் மிச்சம் பிடிக்கலாம். குளிர்நாட்டு அறைகளிற் செய்த சோதனைப் பெறுபேறுகளைக் கொண்டு குளிர்விப்பான் தெரிவு செய்யும் எம்மவர், அவ்வறைக்கும் தம் அறைக்கும் உள்ள பத்துப் பாகை வித்தியாசத்தையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

எமக்கு நேரிற் தெரிந்த கணனி அறையொன்றில், பரீட்சைக் காலத்தில் நண்பகலுக்குப் பின் ஒரு கணனி தானாகவே நின்றுவிடுவது வழக்கமாயிற்று. காலையில் அது பழுதின்றி இயங்கும். வைரசு என்றனர் சிலர். செயலி பழுதென்றனர் வேறு சிலர். புதிய கணனிக்குப் பணமும் சேர்க்கப்பட்டது. திறந்து பார்த்தபோது செட்டைகளுக்கிடையே தூசி கம்பளிபோற் படிந்திருந்தது. பசை காய்ந்து சுண்ணக்கட்டிபோல் உதிர்ந்தது. தூரிகையொன்றும் சிறு பசைக்குழாயொன்றுமே செலவாயின. சேர்த்த பணத்தில் அறைச் சுவரிற் சூடான காற்றை வெளியேற்றும் விசிறியொன்று பொருத்தப்பட்டது.