ஒற்றை வேக மிதிவண்டியின் பல் விகிதம்

ஒற்றை வேக மிதிவண்டியின் பல் விகிதம் என்பது, மிதியுடன் சுழலும் முன் பற்சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கையைப் பின் பற்சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பெறப்படும் எண் ஆகும். மிதியை ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் எத்தனை முறை சுற்றும் என்பதை இது காட்டுகிறது. கியர் மாற்றும் வசதி இல்லாத வண்டியில் மேட்டுக்கும் காற்றுக்கும் சுமைக்கும் இந்த ஒரே எண்ணே ஈடுகொடுக்க வேண்டும்.

கணக்கீடு

இந்தியாவில் பரவலாகப் புழங்கும் 28 அங்குலச் சாதாரண மிதிவண்டியில் பெரும்பாலும் முன்னே 44, பின்னே 18 பற்கள் இருக்கும். விகிதம் 2.44. சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர் ஆதலால், ஒரு மிதிச்சுற்றில் வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதிப்பவரின் வேகம் மணிக்கு 19 கி.மீ. பின்னே 20 பற்கள் இருந்தால் வேகம் 17 கி.மீ. ஆகும், மிதிக்கத் தேவையான விசையும் பத்தில் ஒரு பங்கு குறையும்.

விழுப்புரம் - திண்டிவனம் பகுதியில்

சென்னை - திருச்சி சாலையில் ஏறத்தாழ 40 கி.மீ. இடைவெளியில் அமைந்த இவ்வூர்களுக்கு இடையே, மேம்பாலங்கள் நீங்கலாக, பெரிய ஏற்றம் இல்லை. ஆகவே இங்கு பல் விகிதத்தைத் தீர்மானிப்பவை காற்றும் சுமையுமே. ஆடி மாதத்தில் மேற்கு, தென்மேற்குத் திசைகளிலிருந்து காற்று வீசும்போது, திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கோ செஞ்சிக்கோ செல்பவர் எதிர்காற்றில் மிதிக்க நேரிடும். திரும்பும்போது அதே காற்று வண்டியைத் தள்ளிவிடும்.

தனியே செல்பவருக்கு 18 பற்களே போதும். பால் கேன், நெல் மூட்டை, பின்னால் ஓர் ஆள் என ஏற்றிச் செல்வோருக்கு 20 பற்கள் ஏற்றவை. தமிழ்நாடு அரசின் விலையில்லா மிதிவண்டிகளும் ஒற்றை வேகத்தினவே. தம்பி தங்கையரைப் பின்னால் அமர்த்திப் பள்ளிக்குச் செல்லும் மாணவருக்கும் இது பொருந்தும். வேகம் கூடும் என்று 16 பற்கள் பொருத்துவது பெரும்பாலும் வீண். எதிர்காற்றில் மிதிச்சுற்று 45 ஆகக் குறைந்தால் வேகம் 16 கி.மீ. மட்டுமே, முழங்காலுக்குத்தான் கூடுதல் பளு.

மாற்றுவதற்குப் பின் பற்சக்கரம் மட்டும் போதும். 2 பற்கள் கூடினால் பின்சக்கரத்தை அதன் அச்சுப் பள்ளத்தில் சுமார் 6 மி.மீ. முன்னே நகர்த்த வேண்டும். பள்ளத்தில் இடம் இல்லையெனில் சங்கிலியில் 2 கண்ணிகள் சேர்க்கப்படும்.

நிலைச்சக்கர மிதிவண்டி

இதில் பிரீவீல் கிடையாது. பற்சக்கரம் பின்சக்கரத்துடன் இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். வண்டி ஓடும்வரை மிதியும் சுழன்றுகொண்டே இருக்கும். மேம்பாலத்திலிருந்து மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது 18 பற்களில் நிமிடத்துக்கு 93 சுற்றும், 20 பற்களில் 103 சுற்றும் கால்கள் சுழல வேண்டியிருக்கும். எனவே எதிர்காற்றில் உதவும் 20 பற்கள் இவ்வண்டியின் இறக்கத்தில் இடையூறாகின்றன. மிதியைப் பின்னோக்கி அழுத்தி வேகத்தைத் தணிக்கலாம் என்றாலும், நெடுஞ்சாலையில் முன்சக்கரத் தடை இன்றி இதனை ஓட்டுவது ஆபத்தானது.