அனாப்ளாஸ்மா நோய் (மாடு)

உண்ணி பரப்பும் பாக்டீரிய நோய். சிவப்பணுக்களைத் தாக்கும் இதன் கிருமியை 1910இல் ஆர்னால்டு தைலர் விவரித்தார். ஜாசின், அலோர் காஜா போன்ற மலாக்கா வட்டாரங்களின் வெப்பமும் ஈரமும் மாட்டுண்ணிக்கு ஆண்டு முழுதும் ஏற்றவை. தோட்டத் தமிழர் மாடுகளை மேயவிடும் செம்பனை, ரப்பர் நிரைகளும் அப்படியே. காய்ச்சல், பால் குறைவு, வெளிறிய ஈறு ஆகியவை அறிகுறிகள். சிறுநீர் சிவந்தால், உண்ணி பரப்பும் மற்றொரு நோயான பபீசியாவைத்தான் முதலில் ஐயுற வேண்டும்.

கீம்சா சாயமிட்ட இரத்தப்பூச்சில் சிவப்பணுவின் ஓரத்தில் கரும்புள்ளி தெரியும். பிழைத்த மாடு பெரும்பாலும் ஆயுள் முழுதும் கிருமியைச் சுமக்கும். அதைக் கண்டறியப் பூச்சு போதாது, பிசிஆர் அல்லது எலைசா தேவை. ஆக்சிடெட்ராசைக்ளின் கொடுத்தபின் சிவப்பணு விழுக்காட்டை மீண்டும் மீண்டும் அளப்பதே உருப்படியான கண்காணிப்பு. ஒரே ஊசியைப் பல மாடுகளுக்குப் போட்டாலும் இந்நோய் பரவும்.